தைரியப் பொட்டு

என் மனைவி மணிமொழிக்குப் பயம் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை, மருத்துவச் சான்றிதழில் இருப்பதைச் சொல்கிறேன். மீட்புப் படையில் சேர்ந்த வாரமே அவளுடைய வலது காதுக்குப் பின்னால் எள்ளளவு கருவி ஒன்றை வைத்துத் தைத்துவிட்டார்கள். ஆபத்தைக் கண்டதும் மூளை அடிக்கிற மணி உடம்புக்குக் கேட்காதபடி அது நடுவிலேயே நிறுத்திவிடும். அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு. எங்கள் பக்கத்தில் எல்லோரும் தைரியப் பொட்டு என்றுதான் சொல்வார்கள்.

அந்தப் பொட்டோடு நாகப்பட்டினத்திலிருந்து கோடியக்கரை வரை எத்தனையோ புயல்களில் அவள் இறங்கினாள். இடியப் போகிற வீடுகளுக்குள் நுழைந்து ஆட்களைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். அவளால் உயிரோடு இருக்கிறவர்கள் இன்றைக்கும் தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்குப் பலகாரம் கொண்டுவருகிறார்கள். அதையெல்லாம் நான் குறை சொல்லவே மாட்டேன். வீட்டுக்குள் நடந்த கதைதான் வேறு.

எங்கள் மகள் முல்லை ஏறி இறங்கப் பழகிய வயதில் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர்மேல் ஏறி நின்றாள். மணிமொழி பக்கத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். படியேறி வந்த நான் கத்தக்கூட நேரமில்லாமல் பாய்ந்து குழந்தையைப் பிடித்தேன்.

"எவ்ளோ அழகா நின்னா, பாத்தீங்களா?" என்றாள் மணிமொழி.

அவள் பாசமில்லாதவள் இல்லை. முல்லைமேல் உயிரையே வைத்திருப்பவள். சாலையில் கையைப் பிடிக்க வேண்டும், கொதிக்கிற குழம்புப் பக்கம் விடக் கூடாது என்று பள்ளிக்கூடப் பாடம் மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். மாடிச் சுவர் அந்தப் பாடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

இப்படிப் பல வீடுகளில் நடந்து, சில வீடுகளில் பாய்ந்து பிடிக்க ஆள் இல்லாமலும் போன பிறகு ஒரு சட்டம் வந்தது. பொட்டு வைத்தவர் சின்னக் குழந்தையோடு தனியாக இருக்கக் கூடாது, இயல்பான பயமுள்ள பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். அதற்கான அட்டையை எனக்குக் கொடுத்தார்கள். நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. பிழைப்பும் அதற்கேற்ற மாதிரிதான்: மிக்ஸிக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் கூட வருகிற சிறு புத்தகத்தில் எச்சரிக்கைப் பகுதியை வீட்டிலிருந்தபடி எழுதுகிறேன். மதியழகன் என்கிற என் பெயரோடு அரசாங்கம் சேர்த்துக்கொடுத்த ஒரே பட்டம் 'பயமுள்ளவர்' என்பதுதான். என் மச்சான்கள் கல்யாண வீடுகளில் இதைச் சொல்லிச் சிரிக்காமல் பந்தியில் உட்கார மாட்டார்கள்.

பணிக்காலம் முடிந்ததும் மணிமொழியின் பொட்டை அணைத்துவிட்டார்கள். அணைத்தால் பயம் திரும்பி வந்துவிடும் என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. பாதிப் பேருக்கு வருகிறது, மீதிப் பேருக்கு வருவதே இல்லை. அப்படி வராமலே போன ஒருவர், அவளோடு வேலை பார்த்தவர், அறுந்து கிடந்த மின்கம்பியை யார் காலிலும் படாமல் ஓரமாக எடுத்துப் போடப் போய் இறந்தார். ஒரு வருடத்துக்குள் வராவிட்டால் இனி வராது என்று தஞ்சாவூர் டாக்டர் ஜெயசீலி சொல்லியிருந்தார். அந்த வருடமும் முடியப் போகிற நேரம் அது. பாம்பைக் காட்டிப் பார்த்தார்கள், உயரத்தில் நிற்க வைத்துப் பார்த்தார்கள். மணிமொழியின் நாடி இம்மிகூட ஏறவில்லை.

அவள் ஆசைப்பட்டது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. "ஒரு நாளாவது நான் மட்டும் பாப்பாவப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போவணும்" என்பாள். எங்கள் தெருவில் மற்ற அம்மாக்கள் தினமும் சலித்துக்கொண்டே செய்கிற வேலை அது. இவள் போகும்போது மட்டும் பின்னாலேயே அட்டையும் கையுமாக நான் போக வேண்டியிருந்தது.

கடைசியாகப் போனபோது டாக்டர் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னை மட்டும் கூப்பிட்டார். இங்கே செய்வதெல்லாம் வெறும் சோதனை என்று அவளுக்குத் தெரிந்துவிடுவதால் பயனில்லை என்றார். பொட்டு வைப்பதற்கு முன்னால் அவள் பயந்து பழகிய இடம் எது என்று கேட்டார். முத்துப்பேட்டை அலையாத்திக் காடு என்றேன். அந்தக் காட்டோரத்து ஊரில் பிறந்தவள் அவள். பாவாடை கட்டிய வயதிலேயே தனியாகப் படகு தள்ளியவள். அப்படியானால் அங்கேயே போய் ஒரு இரவு தங்குங்கள் என்றார் டாக்டர். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஆனா ஒண்ணு சார், பிரச்சனையே நீங்கதான்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது.

"வீட்ல ஒருத்தரே மூணு வேளையும் சமைச்சுப் போட்டா இன்னொருத்தர் அடுப்படிப் பக்கமே வர மாட்டாங்க இல்லையா? இத்தன வருஷமா அவங்களுக்கும் சேத்து நீங்களே பயந்துட்டீங்க. அவங்க பயப்படறதுக்கு வீட்ல இடமே இல்ல. அங்க போயி நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. அப்பதான் அவங்களுக்கு வருதா இல்லையான்னு தெரியும்."

"நான் சும்மா இருந்து ஏதாவது ஆயிடுச்சுன்னா?" என்றேன்.

"பாத்தீங்களா, இப்பவே ஆரம்பிச்சுட்டீங்க" என்று டாக்டர் சிரித்தார்.

மாசி மாதத்துக் காலையில் ஜாம்பவான் ஓடையில் படகேறினோம். இரண்டு துடுப்பு போடுகிற சின்ன ஃபைபர் படகு. மணிமொழி பின்னால் உட்கார்ந்து செலுத்தினாள், நடுவில் முல்லை, முன்னால் நான். எங்கள் தாத்தா காலத்தில் இந்தக் காட்டில் நரிதான் பெரிய மிருகம் என்பார்கள். இப்போது கடல் உள்ளே ஏறிக் காடு இரண்டு பங்காகிவிட்டது. கடலோரத்தைக் காக்கக் காடு வேண்டும், காட்டைக் காக்க முதலை வேண்டும் என்று யாரோ கணக்குப் போட்டு உவர்நீர் முதலைகளைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். முதலை வந்த பிறகு மரம் வெட்ட ஒருவரும் இறங்குவதில்லை. கணக்கு சரிதான், நானும் இறங்கியிருக்க மாட்டேன்.

கோரையாற்றிலிருந்து கிளைவாய்க்காலுக்குள் திரும்பியதும் இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்கள் கை கோத்துக்கொண்டு நின்றன. சேற்றிலிருந்து மூச்சுவேர்கள் ஆணி அடித்தது போல மேல்நோக்கி நின்றன. ஒரு கை மட்டும் பெருத்த சிவப்பு நண்டுகள் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு வளைக்குள் போயின. முல்லை ஒவ்வொன்றுக்கும் பதிலுக்குக் கையாட்டினாள். நான் அவளுடைய மறுகையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சும்மா இருக்க வேண்டும் என்று முடிவு செய்துதான் வந்தேன். முதல் வளைவு வரைக்கும்தான் அது தாங்கியது. அந்த வாய்க்கால்களில் வளைவுக்கு அப்புறம் எதிரே படகு வருகிறதா என்று தெரியாது. அதனால் துடுப்பை நிறுத்திக் குரல் கொடுத்து, பதில் இல்லை என்று தெரிந்த பிறகே திரும்புவார்கள். மணிமொழி சின்ன வயதில் அப்படித்தான் செய்ததாகச் சொல்லியிருக்கிறாள். இப்போது அவள் பேசிக்கொண்டே வேகமாகத் திருப்பினாள். என் வாய் என்னைக் கேட்காமலேயே ஓவென்று கத்திவிட்டது. துடுப்பால் படகையும் நாலு தட்டுத் தட்டினேன். மரத்திலிருந்த நீர்க்காகங்கள் மொத்தமாகக் கிளம்பிப் போயின.

"ஏங்க, பறவை பாக்க வந்தமா, வெரட்ட வந்தமா?" என்றாள் மணிமொழி.

அதற்குப் பிறகும் நான் திருந்தவில்லை. தில்லை மரத்துக் கிளை முகத்தில் படப்போகிறது, பால் கண்ணில் பட்டால் கண் போய்விடும் என்றேன். தண்ணீரில் விரலை விடாதே என்றேன். காயலின் திறந்த வெளிக்கு வந்தபோது பூநாரைகள் கரை தெரியாத அளவுக்குக் கூட்டமாக நின்றன, கூழைக்கடாக்கள் வரிசை கட்டி மீனை மடக்கிக்கொண்டிருந்தன. நான் அவற்றுக்கு நடுவில் மிதந்த ஒரு கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது கட்டைதான் என்று தெரிவதற்குள் பறவைகள் வேறு பக்கம் போய்விட்டன.

முல்லை என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்பா, நீ பயப்படறதப் பாத்தா எனக்கு வயித்த வலிக்குது" என்றாள். மணிமொழி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் மிச்சமிருந்த பயத்தையெல்லாம் நானே எடுத்துக்கொள்கிறேன் என்று டாக்டர் சொன்னது எவ்வளவு உண்மை என்று அப்போதுதான் உறைத்தது. இப்படியே இரவும் போனால் மணிமொழிக்குக் கடைசி வாய்ப்பும் போய்விடும்.

தங்குவதற்கு ஒரு மணல் திட்டு ஒதுக்கியிருந்தார்கள். கூடாரம் போட மரத்தளம், அதைச் சுற்றி முதலை நுழையாதபடி இரும்பு வலை, வலையில் தாழ்ப்பாள் போட்ட ஒரு கதவு. மணிமொழி அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது நான் கூடாரத்துக்குப் பின்னால் போய்ப் பையிலிருந்து ஒரு சின்ன உறையை எடுத்தேன். ஒருநாள் பட்டை. பொட்டு செய்கிற வேலையை அது ஒரு நாளைக்கு மட்டும் செய்யும். நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்களும், மேடையில் பேசப் போகிறவர்களும், பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளைகளும் மருந்துக் கடையில் வாங்குவார்கள். என்னால் முடியாவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று வாங்கி வைத்திருந்தேன்.

உறையின்மேல் இருந்த எச்சரிக்கையைத் தொழில் பழக்கத்தில் ஒரு வரி விடாமல் படித்தேன். 'குழந்தைகளோடு தனியாக இருக்கும்போது பயன்படுத்த வேண்டாம்' என்று இருந்தது. நான் எங்கே தனியாக இருக்கிறேன், குழந்தையின் அம்மா கூட இருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன். இதை இப்போது எழுதும்போது என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும் போல் இருக்கிறது. அப்போது அது நியாயமாகத்தான் பட்டது. பிடரியில் ஒட்டிக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தேன்.

சோறும் இறால் தொக்கும் சாப்பிட்டு முடிப்பதற்குள் மருந்து வேலை செய்துவிட்டது. தோளிலிருந்து ஒரு மூட்டையை யாரோ வாங்கிக்கொண்டது போல இருந்தது. நரி ஊளையிட்டது, நன்றாக இருந்தது. வலைக்கு வெளியே தண்ணீரில் எதுவோ பெரிதாகப் புரண்டது, அதுவும் நன்றாக இருந்தது. மீன் துள்ளிய இடமெல்லாம் தண்ணீர் நீலமாக ஒளிர்வதை மணிமொழி முல்லைக்குக் காட்டினாள். நான் என் மகளின் கையைப் பிடிக்காமல் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்தேன். இப்படியொரு உலகத்தில்தான் என் மனைவி இத்தனை வருடம் இருந்திருக்கிறாள் என்று தெரிந்தபோது அவள்மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

விடிந்ததும் முல்லைதான் முதலில் எழுந்தாள். என்னை உலுக்கி எழுப்பி, கரையில் நாய்க்குட்டி மாதிரி ஏதோ விளையாடுகிறது என்றாள். நீர்நாய்கள். தாய் ஒன்று, குட்டிகள் நாலைந்து, வழவழவென்ற உடம்போடு ஈர மணலில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து புரண்டுகொண்டிருந்தன. கிட்டே போய்ப் பார்க்கலாமா என்று கேட்டாள். போகலாமே என்று தாழ்ப்பாளைத் திறந்துவிட்டேன். மணிமொழி தளத்தின் மறுபக்கத்தில் டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

முல்லை மெதுவாக மணலில் இறங்கிப் போனாள். நான் கதவில் சாய்ந்துகொண்டு பார்த்தேன். திடீரென்று நீர்நாய்கள் எல்லாம் தலையைத் தூக்கி ஒரே திசையில் பார்த்தன, அடுத்த நொடி ஒன்றுகூட மிச்சமில்லாமல் தண்ணீருக்குள் மறைந்தன. அவை பார்த்த திசையில் நானும் பார்த்தேன். முல்லைக்கும் ஆழமான தண்ணீருக்கும் நடுவில் கட்டை ஒன்று கிடந்தது. கட்டைக்கு இரண்டு கண் இருந்தது. அது முதலை என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. எங்கள் படகைவிடப் பெரியது என்றும் தெரிந்தது. அது குழந்தையை நோக்கித்தான் வருகிறது என்பதும் தெரிந்தது. எல்லாம் தெரிந்தும் நான் சாய்ந்தபடியே நின்றேன். தெரிவதற்கும் ஓடுவதற்கும் நடுவில் இருக்க வேண்டிய ஏதோ ஒன்று என்னிடம் இல்லை.

"முல்லை, அங்க பாரு, எவ்ளோ பெரிய முதலை" என்றேன். என் குரல் எவ்வளவு சாவகாசமாக இருந்தது என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அப்போதுதான் எனக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் அது மனிதச் சத்தமாகவே எனக்குப் படவில்லை. மணிமொழி என்னை இடித்துத் தள்ளிவிட்டுக் கதவைத் தாண்டி ஓடினாள். புயலில் அவள் வேலை செய்ததைப் பார்த்திருக்கிறேன். அளந்து, நிதானமாக, கால் வைக்கிற இடம் பார்த்துப் போவாள். இது அப்படி இல்லை. விழுந்தாள், எழுந்தாள், கையிலிருந்த கெட்டிலை டீயோடு முதலையின்மேல் எறிந்தாள், குழந்தையின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்துக்கொண்டு தவழ்ந்தும் ஓடியும் திரும்பி வந்தாள். முதலை வாயைத் திறந்து மூடிய சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு அது தண்ணீரில் அமிழ்ந்து போய்விட்டது.

வலைக்குள் வந்து கதவைத் தாழிட்ட பிறகும் அவள் குழந்தையை விடவில்லை. தரையில் உட்கார்ந்து முல்லையின் கை, கால், விரல் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. முல்லை அழுததுகூட அம்மா கத்தின கத்தலில்தான். பிறகு மணிமொழியின் கை நடுங்க ஆரம்பித்தது. நடுக்கம் தோளுக்கு ஏறியது, பல் கிட்டியது, ஓரமாகத் திரும்பி வாந்தி எடுத்தாள்.

"நீங்க பாத்துக்கிட்டுதான நின்னீங்க" என்றாள். "பாத்துக்கிட்டே நின்னீங்களே."

நான் திரும்பிப் பிடரியைக் காட்டினேன். பட்டையைப் பார்த்தாள். சேற்றுக் கையாலேயே அதைப் பிய்த்து எறிந்து முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவள் என்னை அடித்தது அதுதான் முதல் தடவை. மருந்து ரத்தத்தில் இருந்ததால் எனக்கு வலி மட்டும்தான் தெரிந்தது. டாக்டர் சொன்னதை, நான் செய்ததை, எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டாளா என்று தெரியவில்லை. தன் மார்பில் கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"இது இப்புடித்தான் அடிக்குமா?" என்று கேட்டாள். "நிக்கவே மாட்டேங்குதே. தெனமும் இதோடவா இருந்தீங்க?"

"தெனமும்தான்" என்றேன்.

அப்போது அவள் அழுதாள். சத்தம் போட்டு, மூக்கு ஒழுக, முல்லையை இடுக்கிக்கொண்டு அழுதாள். எத்தனையோ பிணங்களைத் தூக்கி வந்த நாட்களிலும் கண் கலங்காதவள். எனக்குக் குற்ற உணர்ச்சி வந்திருக்க வேண்டும்; அது பிறகு வந்தது, இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் அவள் அழுகையைக் கேட்கக் கேட்க எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. வந்துவிட்டது. எங்கேயும் போகவில்லை, இத்தனை நாளும் அவளுக்குள்ளேயே இருந்து இப்போது வந்துவிட்டது. அழுகைக்கு நடுவில் அவளுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். ஒரு தடவை சிரித்தாள், மறுபடியும் அழுதாள். முல்லை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எப்போது சாப்பிடலாம் என்று கேட்டாள்.

வெயில் ஏறுவதற்குள் கூடாரத்தைப் பிரித்துக் கிளம்பினோம். வழக்கம் போல முல்லையை என் பக்கத்தில் உட்கார வைக்கப் போனேன். மணிமொழி குழந்தையின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இரண்டு முழங்காலுக்கும் நடுவில் அவளை இறுக்கி உட்கார வைத்து, மேலே ஒரு துண்டையும் சுற்றிப் படகோடு கட்டினாள். அவ்வளவு கட்ட வேண்டாம், குழந்தைக்கு மூச்சு முட்டும் என்று சொல்ல வந்தேன். அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

தண்ணீர் ஏற்றத்தில் இருந்ததால் படகு லேசாகப் போனது. கரையோர மரங்களில் நத்தைக்குத்தி நாரைகள் வெயில் காய்ந்தன. எனக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. முன்பக்கத்தில் காலை நீட்டிப் படுத்தேன். முல்லை பிறந்த நாளிலிருந்து ஒரு கண்ணைத் திறந்து வைத்தே தூங்கிப் பழகியவன் நான். படுத்தது தெரியும், பிறகு ஒன்றும் தெரியாது.

நடுவழியில் மருந்து இறங்கிவிட்டது. தூக்கத்திலேயே அந்த முதலையின் கண் மறுபடி தெரிந்தது, இந்தத் தடவை அது என்ன என்று என் உடம்புக்கே புரிந்தது. காலையில் வர வேண்டியது மொத்தமும் சேர்ந்து ஒரேயடியாக வந்தது. வியர்த்து நனைந்து, படகு ஆட எழுந்து உட்கார்ந்தேன். மடியைத் துழாவினேன், மடியில் யாரும் இல்லை.

"பாப்பா எங்க?" என்று கத்தினேன்.

மணிமொழி துடுப்பை நிறுத்தவில்லை. அவள் முகம் வெளிறிப் போயிருந்தது, கண் ஒரு இடத்தில் நிற்காமல் தண்ணீரையும் கரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எங்கிட்ட இருக்கா" என்றாள். "நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். நீங்க தூங்குங்க."

நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் படுத்தேன், தூங்கிவிட்டேன்.